நான்கு மணி ஆனால் வாசலைப் பார்க்கும் நாய்

நேயர்களுக்கு வணக்கம். திருமங்கலம், உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்களில் கால்நடை மருத்துவராக இருந்தவன் நான். கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள் என்றார்கள். தயங்காமல் சொல்வேன்: 1943இல் வெளிவந்த 'லாஸி கம் ஹோம்'.

இங்கிலாந்தின் யார்க்‌ஷையரில் ஓர் ஏழைக் குடும்பம். அப்பாவுக்கு வேலை இல்லை. மகன் ஜோ உயிராக வளர்க்கும், லாஸி என்ற கோலி இன நாயை ஒரு பிரபுவுக்கு விற்றுவிடுகிறார்கள். கஷ்டம் வந்தால் முதலில் கைமாறுவது வாயில்லா ஜீவன்தானே. ஆட்டையோ கன்றையோ சந்தைக்கு ஓட்டிவிட்ட வீட்டில் அன்றிரவு யாருக்கும் சோறு இறங்காது என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். நாய் தப்பித்து ஓடி வருகிறது. காசு வாங்கியாயிற்று என்று, மனதைக் கல்லாக்கிக்கொண்டு திருப்பி ஒப்படைக்கிறார்கள். இந்தப் படத்தில் அப்பாவைக் கொடியவராகக் காட்டவே இல்லை. அதற்காகவே எனக்கு இதன் மேல் தனி மதிப்பு.

பிரபு நாயை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோகிறார். அங்கே அவருடைய பேத்தி (நடித்தவர், அப்போது சிறுமியாக இருந்த நடிகை எலிசபெத் டெய்லர்) கதவைத் திறந்துவிட, நூற்றுக்கணக்கான மைல் பயணம் தொடங்குகிறது.

வழியில் சோர்ந்து விழுந்த நாயை ஒரு வயதான தம்பதி எடுத்துப் பேணுகிறார்கள். உடம்பு தேறுகிறது. ஆனால் மாலை நான்கு மணி நெருங்கினால் நாய்க்கு இருப்புக் கொள்வதில்லை. எழுந்து வாசலைப் பார்க்கிறது. ஜோவுக்குப் பள்ளிக்கூடம் விடும் நேரம் அது. அந்தப் பாட்டிக்கு இது எப்படித் தெரியும்? இது எங்கோ போகிற நாய், நடுவில் நம் வீட்டில் தங்கியிருக்கிறது என்பது மட்டும் புரிகிறது. ஆசை ஆசையாய் வளர்த்த கையாலேயே வழியனுப்புகிறாள். இதில் சினிமா ஜோடனை இல்லை. பள்ளி வேன் வரும் நேரத்துக்குத் தெருமுனையில் போய் நிற்கும் நாய்கள் நம் ஊரிலும் உண்டு.

நான் மருத்துவராக இருந்தபோது, உறவினர் வீட்டுக்குக் கொடுத்த சிப்பிப்பாறை நாய் ஒன்று தானாகவே திரும்பி வந்துவிட்டது என்று என்னிடம் தூக்கிவந்தார்கள். தார் ரோட்டுச் சூட்டில் உள்ளங்கால் தோல் உரிந்திருந்தது. நகங்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. கட்டுப் போட்டு முடிக்கும் வரை அது என் பக்கம் திரும்பவில்லை. கூட வந்த பாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. படத்தின் கடைசியில், வீடு வந்து சேர்ந்த நாயின் கோலத்தைப் பார்த்த பிரபு, இது தன் நாயே இல்லை என்று சொல்லிவிடுகிறார். சொன்னதோடு நிற்காமல் ஜோவின் அப்பாவுக்கு வேலையும் கொடுக்கிறார். அந்த இடத்தில் எனக்கு இன்றும் கண் கலங்கும்.

லாஸி பெண் நாய். நடித்ததோ 'பால்' (Pal) என்ற ஆண் நாய். கதையை எழுதிய எரிக் நைட், படம் வெளிவருமுன்பே விமான விபத்தில் இறந்துபோனார்.

ஒரு வேண்டுகோள். படம் பார்த்த பிள்ளைகள் இதே மாதிரி நாய் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். கோலி குளிர்நாட்டு நாய். அதற்கு உடல் முழுக்க இரட்டை அடுக்கு ரோமம். மதுரைச் சித்திரை வெயிலில் நாள் முழுக்க நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டே கிடக்கும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்த நாய்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துப்போய் அவற்றைக் காட்டுங்கள்.

நன்றி, வணக்கம்.