கருவி வருமுன்பே விரல் பழகியவர்: யான் கார்பாரெக்

[திரையில்: பழைய வானொலிப் பெட்டி. எழுத்து: ஓஸ்லோ, 1961]

வானொலியில் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் வாசித்த சாக்ஸபோனைக் கேட்ட பதினான்கு வயது நார்வேச் சிறுவன் யான் கார்பாரெக், இனி இந்தக் கருவிதான் என்று முடிவு செய்தார். கருவி கைக்கு வந்து சேர்வதற்கு முன்பாகவே, எந்தச் சுரத்துக்கு எந்த விரலை எங்கே வைப்பது என்று விளக்கும் புத்தகத்தை வாங்கி, வெறுங்கையில் விரல்களை அசைத்துப் பழகினார். இதைப் பொறுமை என்பதைவிடத் தவிப்பு என்றே சொல்ல வேண்டும். மறு ஆண்டே நார்வேயின் அமெச்சூர் ஜாஸ் போட்டியில் வென்றார்.

பெரும்பாலும் தாமாகவே கற்ற அவருக்குக் குரு என்று சொல்லத்தக்கவர் 1965இல், மோல்டே ஜாஸ் விழாவில் வாய்த்தார். அப்போது ஸ்காண்டிநேவியாவில் வாழ்ந்துவந்த அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் ரஸ்ஸல், அவருடைய வாசிப்பைக் கேட்டுத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். ரஸ்ஸல் வகுத்த இசைக் கோட்பாட்டுக்கு அடித்தளம் லிடியன் என்னும் ஸ்கேல், அதாவது ஒரு சுர வரிசை. நமக்குப் புரியும்படி சொன்னால், மேசகல்யாணி ராகத்தின் சுரங்கள். ஒரு கார்டின் (சேர்ந்தொலிக்கும் சுரக் கொத்தின்) மேல் எந்த ஸ்கேல் ஒட்டி ஒலிக்கும், எது விலகி ஒலிக்கும் என்பதை அந்தக் கோட்பாடு வகைப்படுத்துகிறது.

[ஒலி: டெனர் சாக்ஸபோன், கரகரத்த குரலில்]

இ.சி.எம். இசைத்தட்டு நிறுவனத்துக்காக 1970இல் ஓஸ்லோவில் பதிவான 'ஆஃப்ரிக் பெப்பர்பேர்ட்' ஆல்பத்தில் கேட்பது அலறலும் கீச்சொலியும் நிறைந்த இளமை. நார்வேயின் நாட்டுப்புற மெட்டுகளைக் கவனிக்கும்படி டிரம்பெட் கலைஞர் டான் செரி தூண்டியதும், அந்த மெட்டுகள் கார்பாரெக்கின் வாசிப்பில் ஊறியதும், பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டுடன் 1974இல் 'பிலாங்கிங்' ஆல்பம் பதிவானதும் அந்தக் காலகட்டத்தின் கதை. சுரங்கள் குறைந்தன, ஒவ்வொரு சுரமும் நீண்டது. மேடையில் அவர் கையிலிருக்கும் வளைந்த சிறு சோப்ரானோ சாக்ஸபோனின் கூர்மையான தொனியை இரண்டு நொடிகளில் அடையாளம் கண்டுவிடலாம்.

சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்த வயலின் கலைஞர் எல். சங்கர், தமது பத்துத் தந்தி இரட்டை வயலினுடன் 1984இல் ஓஸ்லோவில் பதிவு செய்த 'சாங் ஃபார் எவ்ரிஒன்' ஆல்பத்திலும் கார்பாரெக் வாசித்திருக்கிறார். ஜாகிர் உசேனின் தபலாவும் அதில் உண்டு.

[திரையில்: மலைச்சரிவில் ஒரு மடாலயம்]

1993இல் ஆஸ்திரியாவின் சாங்க்ட் கெரோல்ட் மடாலயத்தில், ஹில்லியர்டு என்னும் பாடகர் குழுவின் நால்வர் பழைய தேவாலயப் பாடல்களைப் பாட, கார்பாரெக் உடன் வாசித்தார். பத்து லட்சத்துக்கும் மேல் விற்ற 'அஃபீசியம்' ஆல்பம் அது. நால்வருக்கும் ஏடு பார்த்துப் பாடும் பல நூற்றாண்டுப் பழமையான வரிகள். அவற்றினூடே கற்பனையாக வாசித்த அவருக்கு அந்தச் சுவர்களின் எதிரொலியும் ஒரு பக்கவாத்தியம்.