ஆறு செடிகளும் இரண்டு அரசுகளும்

அவையோருக்கு வணக்கம். மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் இழுபறி என்றால் நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அமெரிக்காவில் அந்த இழுபறிக்குள், கஞ்சாவை மருந்தாக எடுத்த நோயாளிகள் சிக்கிக்கொண்டதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

1970-இல் வந்த மத்தியச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் சேர்த்தது. மருத்துவப் பயன் இல்லாதவை என்று முத்திரை குத்தப்பட்டவற்றின் பட்டியல் அது. 1996-இல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்து எதிர்ச்சட்டம் கொண்டுவந்தார்கள். மருத்துவர் பரிந்துரைத்தால் நோயாளி கஞ்சா வளர்க்கலாம், பயன்படுத்தலாம். எய்ட்ஸ் நோயாளிகள் சோறு இறங்காமல் எலும்பும் தோலுமாகக் கிடந்ததையும், பசி எடுக்கக் கஞ்சாவை நாடியதையும் அந்த மாநிலத்துச் சான் பிரான்சிஸ்கோ நகரம் கண்ணால் பார்த்திருந்தது.

2002 ஆகஸ்ட். அதே கலிபோர்னியாவில், முதுகெலும்பு நோயால் அவதிப்பட்ட ஒரு பெண்மணியின் வீட்டுக்கு அதிகாரிகள் வருகிறார்கள். இருந்தவை ஆறு செடிகள். உள்ளூர் போலீஸ் விசாரித்துவிட்டு, மாநிலச் சட்டப்படி குற்றமில்லை என்கிறது. மத்திய அதிகாரிகள் விடவில்லை. மூன்று மணி நேரம் இழுபறி. கடைசியில் ஆறையும் பறித்து அழித்துவிட்டார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2005-இல் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பு: விற்காமல் வீட்டில் வளர்த்தாலும் மாநிலங்களுக்கிடையேயான வணிகத்தை அது பாதிக்கும், மத்திய அரசு தடுக்கலாம். துணைக்கு எடுத்துக்கொண்ட பழைய தீர்ப்பு எது தெரியுமா? ஒதுக்கீட்டுக்கு மேல் கோதுமை விதைத்த ஓஹையோ விவசாயி ஒருவர்மீது 1942-இல் வந்தது! கோதுமைக்குச் சொன்ன நியாயம் வலிக்கும் பொருந்துமாம்.

2014-இல் மத்திய பட்ஜெட்டில் நாடாளுமன்றம் ஒரு பிரிவைச் சேர்த்தது. மாநிலங்களின் மருத்துவக் கஞ்சாச் சட்டங்களுக்குக் குறுக்கே நிற்க மத்திய நீதி அமைச்சகம் பணம் செலவழிக்கக் கூடாது. அவ்வளவுதான், குற்றம் குற்றமாகவே இருந்தது. அதையும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் புதுப்பித்தாக வேண்டும். இதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறு ஆண்டே கொலராடோவில் அது தெரிந்தது. கைகால் செயலிழந்த ஓர் ஊழியர், மாநில அனுமதியோடு, வேலை நேரம் போக வீட்டில் பயன்படுத்தியவர். சோதனையில் தெரியவந்ததும் வேலை போயிற்று. மத்தியச் சட்டப்படி குற்றம் என்பதால் நிறுவனம் செய்தது சரியே என்றது மாநில உச்ச நீதிமன்றம்.

இத்தனைக்கும், 1978 முதல் மத்திய அரசே ஒரு திட்டத்தின்கீழ் சில நோயாளிகளுக்குக் கஞ்சா சிகரெட் கொடுத்துவந்தது. மிசிசிப்பி பல்கலைக்கழகத் தோட்டத்தில் அரசுச் செலவில் விளைந்த சரக்கு. எய்ட்ஸ் நோயாளிகளின் விண்ணப்பங்கள் குவியத் தொடங்கியதும், 1992-இல் புதியவர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்த சிலருக்கு மட்டும் டப்பா போய்க்கொண்டே இருந்தது.