100 மில்லிமீட்டர் கோடு

அவையோருக்கு வணக்கம்.

கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய்) வந்து வருகிறவர்களிடம் தோலைப் பார்ப்பதற்கு முன் நான் நகத்தைப் பார்ப்பேன். வருடக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துச் சிலருடைய நகம் மெருகேற்றியதுபோல் பளபளக்கும். நகப்பூச்சோ என்று தோன்றும். இரவெல்லாம் சொறிந்ததன் பளபளப்பு அது. சென்ற மாதம் ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தார். படுக்கும்போது பையனின் இரண்டு கைகளிலும் காலுறையை மாட்டி, மணிக்கட்டில் துணியால் கட்டிவிடுகிறாராம். "காலையில் பார்த்தால் பல்லால் கழற்றியிருக்கிறான் டாக்டர், தலையணை உறையெல்லாம் ரத்தப் பொட்டு" என்றார். அவர் கண்களும் தூங்கிப் பல நாளாகியிருந்தன.

அரிப்பு, நமைச்சல், ஊறல், தினவு என்று இந்தத் தொல்லைக்கு நம்மிடம் எத்தனை சொற்கள்! ஆனாலும் நோயாளியிடம் நாம் சொல்வது, "அரிப்புதானே, சொறியாமல் இரு" என்பதுதான். மருத்துவர்களாகிய நாங்களும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லி அனுப்பினோம். அதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. வலி என்று வந்தவரிடம் யாராவது அப்படிச் சொல்வார்களா?

1660-இல் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் அரிப்புக்கு இலக்கணம் சொன்னார்: சொறியத் தூண்டும் வேண்டாத உணர்வு. இன்றும் பாடநூல்கள் அதைத்தான் சொல்கின்றன. காரணத்தைத் தேடத்தான் காலம் பிடித்தது. காணாக்கடி என்கிறோமே, அந்தத் தடிப்புக்குப் பின்னால் பெரும்பாலும் ஹிஸ்டமின் என்ற, உடலே சுரக்கும் ரசாயனம் இருக்கிறது. அலர்ஜி மாத்திரைக்கு அது அடங்கும். கரப்பான் அரிப்பில் ஹிஸ்டமினின் பங்கு குறைவு. மாத்திரை போட்டால் கொஞ்சம் தூக்கம் வரும், அரிப்பு போகாது. 2004-இல் இன்டர்லூகின்-31 என்ற புரதத்தைப் பற்றிய ஆய்வு வெளியானது. எலிகளின் உடலில் அதை அளவுக்கு மிஞ்சிச் சுரக்க வைத்தபோது அவை ரோமம் உதிர்ந்து, தோல் புண்ணாகும்வரை சொறிந்தன. வெள்ளணுக்களில் ஒரு வகை இந்தப் புரதத்தை விடுகிறது. அது தோலுக்கு வரும் நரம்பு நுனியில் ஒட்டுகிறது. நரம்பு 'அரிக்கிறது' என்று மூளைக்குச் சொல்லிவிடுகிறது. அப்படி ஒட்டும் இடத்தை முன்கூட்டியே அடைத்துவிடும் ஊசிமருந்துதான் நெமோலிசுமாப்.

மருந்து தயார். வேலை செய்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சர்க்கரைக்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது. அரிப்பை அளக்கும் கருவி அரிக்கிறவரின் சொல் ஒன்றுதான். ஒரு தாளில் 100 மில்லிமீட்டர் நீளத்தில் கோடு. ஒரு முனை அரிப்பே இல்லை, மறுமுனை தாங்கவே முடியாத அரிப்பு. நோயாளி தன் இடத்தில் குறியிட வேண்டும். இதைக் கேட்டுச் சிரித்த மருத்துவர்களை நான் அறிவேன். எனக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் தெரியவில்லை.

ஆனால் சொல் எளிதில் அசையக்கூடியது. ஜெர்மனியில் அரிப்பைப் பற்றிய ஒரு பொதுச் சொற்பொழிவில் கேட்க வந்தவர்களைப் படம்பிடித்தார்கள். தெள்ளுப்பூச்சி, சொறிந்த தழும்பு ஆகிய படங்கள் திரையில் வந்தபோது அவையோர் அதிகமாகச் சொறிந்துகொண்டார்கள். பேச்சுக்கே கூடுகிற அரிப்பு, நம்பிக்கைக்குக் குறையவும் செய்யும். அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று ஊசி தேவைப்படுகிறது.

ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் கென்ஜி கபாஷிமாவும் அவருடைய குழுவினரும் நடத்திய பரிசோதனையின் முடிவு 2020-இல் வெளியானது. களிம்பும் மாத்திரையும் போதிய பலன் தராத, 13 வயதும் அதற்கு மேலும் ஆன 215 பேர். குலுக்கல் முறையில் 143 பேருக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம் மருந்து. 72 பேருக்கு வெற்று ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. களிம்பை இரு பிரிவினரும் தொடர்ந்து பூசினார்கள்.

16 வாரம் கழித்து, மருந்து பெற்றவர்களின் அரிப்பு சராசரியாக 42.8 சதவீதம் குறைந்திருந்தது. வெற்று ஊசிப் பிரிவில் 21.4 சதவீதம். எனக்கு இரண்டாவது எண்ணின் மேல்தான் மதிப்பு அதிகம். பூசிய களிம்பு, மாதந்தோறும் ஒருவர் அக்கறையோடு விசாரித்தது, நோய் உச்சத்தில் இருக்கும்போது சேர்ந்தவர்களுக்குத் தானாகவே கொஞ்சம் தணிவது, எல்லாம் அந்த 21.4-க்குள் இருக்கின்றன. அந்த 72 பேர் இல்லாவிட்டால் 42.8-ஐயும் மருந்தின் கணக்கிலேயே எழுதியிருப்போம். உண்மையில் மருந்தின் பங்கு அதில் பாதி. தூக்கம் ஏறக்குறைய சீரானவர்கள் மருந்துப் பிரிவில் 55 சதவீதம், மற்றதில் 21 சதவீதம். காலுறை கட்டிப் படுக்க வைக்கும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய எண் என்று நினைத்துப் பாருங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தோல் எவ்வளவு மோசம் என்பதைக் குறிக்கும் மதிப்பெண் மருந்துப் பிரிவில் 45.9 சதவீதமும் மற்றதில் 33.2 சதவீதமும் குறைந்தது. அரிப்பில் கண்ட அளவு வித்தியாசம் இதில் இல்லை. ஊசியால் வந்த தொந்தரவுகள் மருந்துப் பிரிவில் 8 சதவீதம், மற்றதில் 3. கரப்பான் கூடியவர்கள் இரு பிரிவிலும் இருந்தார்கள். வருடக்கணக்கில் தொடரும் நோய்க்கு 16 வாரம் போதாது என்பதால் ஆய்வைத் தொடர்ந்தார்கள். வெற்று ஊசி பெற்றவர்களுக்கும் அப்போது மருந்து கிடைத்தது. ஜப்பான் 2022-இல் அனுமதி கொடுத்தது. பிறகு பல நாடுகளில் 1,728 பேரிடம் நடந்த இரண்டு பரிசோதனைகளுக்குப் பின் 2024 டிசம்பரில் அமெரிக்காவும் இதைக் கரப்பானுக்கு அனுமதித்தது. அங்கும் களிம்போடு சேர்த்துத்தான். களிம்பை நிறுத்திவிடலாம் என்று யாரும் இங்கிருந்து எழுந்து போகாதீர்கள்.

அந்தப் பையனிடம் நானும் ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தேன். வெகுநேரம் யோசித்துக் குறியிட்டான். அளந்தேன்: 91. தாய் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "நான் எழுபது இருக்கும் என்றுதான் நினைத்தேன்" என்றார். அடுத்த மாதம் வரும்போது அவனையே மறுபடி குறியிடச் சொல்லியிருக்கிறேன்.