அம்மாவின் பையில் இருந்த மூன்று பொருட்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த நேரத்தில் உங்களில் சிலர் சமையலறையில் நிற்பீர்கள். சிலர் காலி வீதியில் பஸ்ஸுக்குள் நெரிபட்டபடி ஒரு காதால் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஆகவே பேப்பரும் பேனையும் தேவைப்படும் கணக்கு எதையும் நான் சொல்லப்போவதில்லை. வருகிற இலக்கங்களை மனதில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். முக்கியமானதை நானே திரும்பச் சொல்லுவேன்.

நான் 34 வருடம் வங்கியில் வேலை செய்தவன். அதில் பாதிக்கு மேல் கொழும்பு வெள்ளவத்தையில் நிலையான வைப்பு கவுண்டரில் இருந்தேன். அங்கே வந்தவர்கள் அதிகம் கேட்ட கேள்வி, "தம்பி, இப்ப எதில போட்டால் நல்லம்?" என்பதுதான். வங்கி என்னை வைத்திருந்தது வைப்பு எடுப்பதற்கு. ஆனால் எனக்கு அந்தக் கேள்வியே சரியாகப் படவில்லை. "எதில" என்று ஒருமையில் கேட்கிறோமே, அங்கேதான் பிழை தொடங்குகிறது. எது எதில், எவ்வளவு எவ்வளவு என்று கேட்க வேண்டும். இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான்.

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில், பலாலிக்குப் பக்கத்து வசாவிளானில் தோட்டம் செய்தவர். நல்ல செம்மண். வெங்காயம் போடுவார், பக்கத்தில் புகையிலை போடுவார், ஓரத்தில் மிளகாய் நிற்கும், வேலி நெடுக முருங்கை. ஒரு வருடம் சுன்னாகம் சந்தையில் வெங்காயத்துக்கு நல்ல விலை போனால், அடுத்த போகத்தில் ஊரே வெங்காயம் நடும். அப்பா மட்டும் புகையிலைப் பாத்தியைக் குறைக்க மாட்டார். "எல்லாரும் நட்டால் விலை விழும், அப்ப புகையிலைதான் சோறு போடும்" என்பார். பொருளாதாரம் படித்தவர் அல்ல. ஒவ்வொரு பயிருக்கும் ஒரு கெட்ட காலம் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் அது வருவதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1990இல் சண்டை மறுபடியும் தொடங்கி, பலாலிப் பக்கம் முழுவதும் வெளிக்கிட வேண்டி வந்தது. அப்பாவும் அம்மாவும் அலைந்து திரிந்து வவுனியா வந்து, அங்கிருந்து ரயிலில் கொழும்புக் கோட்டைக்கு வந்து இறங்கினார்கள். நான் அப்போது வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தேன். ரயிலால் இறங்கிய அம்மாவின் கையில் ஒரு துணிப்பை. அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் அதை அவிழ்த்தார். உள்ளே மூன்று பொருட்கள் இருந்தன. எண்ணெய்க் கடதாசியில் சுற்றிய காணி உறுதி. ஒரு கைக்குட்டையில் முடிந்த ஆறு தங்கக் காப்பு. ஒரு பாஸ் புத்தகம், மூலை மடிந்து, மஞ்சள் கறை பிடித்தது.

இந்த மூன்றுக்கும் பிறகு என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் வங்கியில் கற்றதைவிட அதிகம் இதில்தான் கற்றேன்.

பாஸ் புத்தகத்தில் இருந்தது பெரிய தொகை இல்லை. ஆனால் அதைக் கொழும்பில் எடுக்க முடிந்தது. முதல் இரண்டு மாதச் சாப்பாடு, அப்பாவின் மருந்து, பஸ் காசு எல்லாம் அதில்தான். மூன்றாம் மாதம் அது முடிந்தது.

பிறகு காப்பு. பெரிய இடம் வாடகைக்கு எடுக்க அட்வான்ஸ் வேண்டும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு செட்டியார் தெருவுக்குப் போனேன். கடைக்காரர் காப்பை உரைகல்லில் ஒரு கோடு இழுத்தார், தராசில் வைத்தார், செய்கூலியும் சேதாரமும் திரும்பக் கிடைக்காது என்று மரியாதையாகச் சொன்னார். அம்மா இரண்டு காப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, மற்றக் கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் காசு கையில். இன்னும் இரண்டு காப்பு தங்கைச்சியின் படிப்புக்குப் போனது. கடைசி இரண்டும் அடகுக்குப் போய், மீண்டு, திரும்பவும் போய், திரும்பவும் மீண்டன. அவை இன்றும் வீட்டில் இருக்கின்றன.

சரி, காணி உறுதி? எட்டுப் பரப்பு, அதாவது அரை ஏக்கர். மூன்றிலும் பெறுமதி கூடியது அதுதான். "காணி எங்கையும் ஓடாது" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். உண்மை, காணி ஓடவில்லை. ஓட வேண்டி வந்தது நாங்கள். அந்த இடம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. 25 வருடம் விற்கவும் முடியாது, குத்தகைக்குக் கொடுக்கவும் முடியாது, போய்ப் பார்க்கவும் முடியாது. அம்மா ஒவ்வொரு வருடமும் தைப்பொங்கலுக்கு முன் அந்த உறுதியை எடுத்துப் பிரித்து, கறையான் பிடித்திருக்கிறதா என்று பார்த்து, கற்பூரம் வைத்துத் திரும்பச் சுற்றுவார். 2015இல் வசாவிளானில் ஒரு பகுதியை விட்டார்கள். எங்கள் நிலமும் அதில் இருந்தது. அம்மா 2011இலேயே காலமாகிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது கிணறு தூர்ந்திருந்தது, வீடு இருந்த இடத்தில் ஆள் உயரப் பற்றை.

நான் காணிக்கு எதிராகப் பேசவில்லை. அந்த எட்டுப் பரப்பு இன்று எங்களிடம் இருக்கிறது, நல்ல விலையும் போகும். நான் சொல்ல வருவது, 1990இல் எங்களிடம் காணி மட்டும் இருந்திருந்தால் நாங்கள் பிச்சைதான் எடுத்திருப்போம். பாஸ் புத்தகம் மட்டும் இருந்திருந்தால் மூன்றாம் மாதம் கையேந்தியிருப்போம். மூன்றும் இருந்தபடியால் ஒன்றின் கெட்ட காலத்தை மற்றது தாங்கியது.

இது யுத்த காலக் கதை, இப்போது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நாட்டின் பொருளாதாரம் சரிந்த 2022ஐ நினைத்துப் பாருங்கள். அது வங்கிப் பணத்தின் கெட்ட காலம். மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். சாப்பாட்டுச் சாமான் மட்டும் என்றால் 95 சதவீதத்துக்குக் கிட்ட. அதற்கு ஒரு வருடம் முன் ஒருவர் 10 லட்சத்தை 6 சதவீத வட்டிக்குப் போட்டார் என்று வையுங்கள். வருட முடிவில் 10 லட்சத்து 60 ஆயிரம் கிடைத்தது. ஒரு சதம் குறையவில்லை. ஆனால் அந்தக் காசுக்கு, ஒரு வருடம் முன் 6 லட்சத்துச் சொச்சத்துக்கு வாங்கிய சாமானைத்தான் வாங்கலாம். வங்கிப் புத்தகத்தில் இலக்கம் கூடியது, வீட்டு அரிசிப் பானை இறங்கியது. அதே காலத்தில் பவுண் விலை, அதாவது எட்டுக் கிராம் தங்கத்தின் விலை, ஏறியது. ஒரு லட்சத்துச் சொச்சமாக இருந்த 22 கரட் பவுண், 2025 ஒக்டோபரில் மூன்று லட்சத்தையும் தாண்டியது.

அப்படியென்றால் எல்லாவற்றையும் பவுணாக வாங்கி வைக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. பவுண் வட்டி போடாது, வாடகை தராது, வீட்டில் வைத்தால் நித்திரை தராது. பல வருடம் அசையாமல் கிடக்கிற காலமும் அதற்கு உண்டு. நகையாக வாங்கினால் கூலியும் சேதாரமும் அன்றைக்கே போய்விடும். போட்டு அனுபவிக்க நகை வாங்குங்கள், அதில் பிழையே இல்லை. சேமிப்புக்கு என்றால் நாணயமாக வாங்குங்கள்.

இப்போது நான் கவுண்டரில் இருந்த காலம் முழுக்கச் சொல்லிச் சொல்லி வந்த ஒரு விஷயம். நிலையான வைப்பை ஒரே சான்றிதழாகப் போடாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், ஒரே சான்றிதழாகப் போடாதீர்கள்.

ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் இருந்தார். 20 லட்சம், ஒரு வருடத்துக்கு, ஒரே சான்றிதழ். பத்தாவது மாதம் கணவருக்கு இருதய சத்திரசிகிச்சை, உடனே 4 லட்சம் வேண்டும். "இதை உடைச்சுத் தாங்கோ தம்பி" என்று சான்றிதழை நீட்டினார். 4 லட்சத்துக்காக 20 லட்சத்தையும் உடைத்தால் பத்து மாத வட்டியில் பெரும்பகுதி போய்விடும். அன்றைக்கு அதை உடைக்கவிடாமல் அதன் மேல் ஒரு சிறு கடன் எடுத்துக் கொடுத்தோம். உங்களுக்கும் அப்படி ஒரு அவசரம் வந்தால் முதலில் அதைக் கேளுங்கள். வைப்பு முதிர்ந்த பிறகு அவருக்கு ஐந்து ஐந்து லட்சமாக நான்கு சான்றிதழ் எழுதினேன், மூன்று மாதத்துக்கு ஒன்று முதிர்கிற மாதிரி. அவசரம் வந்தால் உடைவது ஒன்றுதான்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2022இல் வட்டி வேகமாக ஏறியது. அரசாங்கம் குறுங்காலக் கடனுக்கு விற்கும் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தையே தாண்டியது, வங்கிகள் 20க்கு மேல் கொடுத்தன. பிரித்துப் போட்டவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒன்று முதிர்ந்து, புதிய வட்டிக்குப் போனது. ஒரே சான்றிதழில் மாட்டியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வட்டி இறங்கி 2025இல் எட்டுச் சதவீதம் அளவுக்கு வந்தபோதும், பிரித்துப் போட்டவர்களுக்கு அந்த அடி ஒரே நாளில் விழவில்லை. வட்டியை நம்பி மாதச் செலவு செய்கிற ஓய்வூதியக்காரருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

எங்கே போடுவது என்பதிலும் பிரிக்க வேண்டும். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதியில், ஒரு நிறுவனம் விழுந்தால் ஒரு ஆளுக்கு 11 லட்சம் ரூபா வரைதான் பாதுகாப்பு. தேசிய சேமிப்பு வங்கி வைப்புகளுக்கு மட்டும் அரசாங்கமே முழு உத்தரவாதம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், இரண்டு சதவீதம் கூடுதலாகத் தருகிறார்கள் என்று வீடு விற்ற காசு முழுவதையும் ஒரு நிதிக் கம்பனியில் போட்டுவிட்டுப் பல வருடம் அதன் வாசலில் நின்றது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

எப்படி அளப்பது? நூற்றுக்கு இவ்வளவு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காசு எப்போது தேவைப்படும் என்று பாருங்கள். ஆறு மாத வீட்டுச் செலவு, நாளைக்கே எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில். பிள்ளையின் ஏ.எல். பரீட்சை முடிந்து மேற்படிப்பு, மகளின் கல்யாணம் என்று இரண்டு, மூன்று வருடத்தில் வரப்போகும் செலவு, பிரித்துப் போட்ட வைப்பிலும் திறைசேரி உண்டியலிலும். பத்து வருடம் தொடத் தேவையில்லாத காசு மட்டும் பவுண், காணி, பங்கு என்று போகலாம். சம்பளக்காரர்கள் ஊழியர் சேமலாப நிதியையும் இந்தக் கணக்கில் சேருங்கள். உங்கள் 8 சதவீதம், முதலாளியின் 12 சதவீதம் மாதாமாதம் போகிறது. அது பெரும்பாலும் அரசாங்க முறிகளில், அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களில்தான் இருக்கிறது. ஏற்கெனவே அவ்வளவு அரசாங்கக் கடனில் இருப்பவர் மிச்சத்தையும் அங்கேயே போட வேண்டுமா என்று யோசியுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம். பங்குச் சந்தைக்கு நான் கால் மணித்தியாலம் வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 ஜனவரியில் கொழும்புப் பங்கு விலைச் சுட்டெண் 13,000த்தைத் தாண்டியது, சில மாதத்தில் கிட்டத்தட்டப் பாதியாகியது, 2025இல் 20,000த்தைத் தாண்டியது. பத்து வருடக் காசைப் போட்டவர் இன்று சிரிக்கிறார். கல்யாணக் காசைப் போட்டவர் பாதி விலைக்கு விற்றார். பங்கு ஒன்றுதான், காசுதான் வேறு. தனித்தனிக் கம்பனி பார்க்க நேரமில்லாதவர்களுக்கு பலரின் காசைச் சேர்த்துப் பல கம்பனிகளில் போடுகிற யூனிட் ட்ரஸ்ட் போதும்.

அப்புறம், வருடத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் அளவுக்கு மீறி ஏறியிருந்தால், அதில் கொஞ்சம் விற்று, இறங்கியதில் சேருங்கள். அப்பா வெங்காய விலை ஏறிய வருடத்தில் புகையிலைப் பாத்தியைக் குறைக்காமல் விட்டாரே, அந்த மாதிரி.

கடைசியாக, ஒவ்வொரு கணக்கிலும் பின்னுரித்தாளராக, அதாவது உங்களுக்குப் பிறகு காசைப் பெறுபவராக, யாருடைய பெயர் இருக்கிறது என்று இன்றிரவு பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எழுதியது அப்படியே இருக்கலாம், இறந்துபோன தாயின் பெயரே இருக்கலாம். காணி உறுதி எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி வையுங்கள். நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.