கூட்ஸை ஓரங்கட்டினால் எக்ஸ்பிரஸ் வேகமாகப் போகுமா?

சரி, அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நெரிசலான பாதையில் சரக்கு ரயிலை லூப் லைனில் (மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் பக்கப் பாதையில்) ஒதுக்கிவிட்டுப் பயணிகள் ரயிலை முதலில் அனுப்பினால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? அல்லது கூட்ஸ் எல்லாவற்றையும் ராத்திரியில் விட்டால் என்ன?"

நியாயமான கேள்விதான். ஆனால் நெரிசலுக்குக் காரணம் ரயில்களின் எண்ணிக்கை மட்டும் இல்லை. வேக வித்தியாசம்தான் பாதையை அதிகமாகத் தின்கிறது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

நூறு கிலோமீட்டர் பாதை, நடுவில் முந்துவதற்கு இடமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பிரஸ் ஒரு மணி நேரத்தில் கடக்கும், கூட்ஸுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு ரயிலுக்கு நடுவே குறைந்தது ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். கூட்ஸ் ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டுக்குப் போய்ச் சேரும். பின்னால் வரும் எக்ஸ்பிரஸ் 8.05-க்குப் போய்ச் சேர்ந்தால் போதும், அப்படியானால் அது 7.05-க்குத்தான் கிளம்ப முடியும். நடுவில் 65 நிமிடம் அந்தத் திசையில் எக்ஸ்பிரஸ் எதையும் உள்ளே விட முடியாது. எக்ஸ்பிரஸுக்குப் பின்னால் கூட்ஸ் என்றால் ஐந்தே நிமிடத்தில் விட்டுவிடலாம், ஒரே வேகத்தில் ஓடும் ரயில்களையும் அப்படித்தான்.

இப்படி ஒன்று விட்டு ஒன்றாக ஏழு எக்ஸ்பிரஸ், ஏழு கூட்ஸ் ஓட்டினால், அடுத்த எக்ஸ்பிரஸுக்குப் பாதை கிடைக்கும் வரை 490 நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அதே பதினான்கு ரயிலையும் ஏழு எக்ஸ்பிரஸை வரிசையாக, பிறகு ஏழு கூட்ஸை வரிசையாக விட்டால், கடைசி 65 நிமிடக் காத்திருப்பையும் சேர்த்து 130 நிமிடத்தில் முடிந்துவிடும். தண்டவாளமும் சிக்னலும் அதேதான், வரிசை மட்டும்தான் மாறியிருக்கிறது! நான் முதல் தடவை இதைப் போட்டுப் பார்த்தபோது எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் இப்படிக் கூட்டம் கூட்டமாக விடுவதில்லை? பயணிகளுக்கு அரை மணிக்கு ஒரு ரயில் வேண்டும். காலையில் ஏழு ரயிலை ஒரேயடியாக விட்டுவிட்டு மதியம் வரை காத்திருங்கள் என்று சொல்ல முடியாது. அதனால்தான் நடுநடுவே லூப் லைன் போடுகிறார்கள்.

ஆனால் லூப்பில் ஒதுங்குவது சும்மா இல்லை. ஏறக்குறைய 700 மீட்டர் நீளம், ஐயாயிரம் டன் எடை உள்ள ரயில் அது. தண்டவாளம் பிரியும் பாயின்ட்டைத் தாண்டி லூப்புக்குள் மெதுவாகத்தான் நுழைய முடியும். கடைசி வேகனும் உள்ளே வந்த பிறகுதான் மெயின் லைன் காலியாகும். அதுவரை பின்னால் வரும் எக்ஸ்பிரஸுக்குப் பச்சை கிடையாது. எக்ஸ்பிரஸ் போன பிறகு கிளம்பும்போதும் அப்படித்தான். பிரேக் விட, கடைசி வேகன் வரை காற்றழுத்தம் ஏற வேண்டும். அவ்வளவு எடையையும் நின்ற இடத்திலிருந்து இழுத்து வேகம் பிடிக்க வேண்டும், ஏற்றமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். எக்ஸ்பிரஸ் கடந்துபோக இரண்டு நிமிடம்தான், கூட்ஸ் இழந்ததோ அதைப்போலப் பல மடங்கு. நல்ல செக்‌ஷன் கன்ட்ரோலர் (அந்தப் பகுதியில் எந்த ரயில் எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்பவர்) அதனால் சில சமயம் எக்ஸ்பிரஸையே நான்கு நிமிடம் மெதுவாக வரவிட்டு, கூட்ஸை நிறுத்தாமல் அடுத்த பெரிய ஸ்டேஷன் வரை ஓடவிடுவார். உள்ளே உட்கார்ந்திருக்கும் நமக்கு அதனால் கோபம் வரும், ஆனால் பாதைக்கு அதுதான் லாபம்.

லூப்பின் நீளமும் முக்கியம். அமெரிக்காவில் ஆம்ட்ராக் என்ற நிறுவனம் ஓட்டும் பயணிகள் ரயிலுக்குத்தான் முன்னுரிமை என்று 1973 முதல் சட்டமே இருக்கிறது. ஆனால் அங்கே சில சரக்கு ரயில்கள் லூப்பை விட நீளம். ஒதுங்க இடம் இல்லாததால் சட்டப்படி முன்னே போக வேண்டிய பயணிகள் ரயில்தான் ஓரமாகப் போய் நிற்கிறது.

ராத்திரி விஷயத்துக்கு வருவோம். ராத்திரி பாதை காலியாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். பராமரிப்பு ஆட்களும் அதே நேரத்தைத்தான் கேட்கிறார்கள். தண்டவாளம் மாற்ற, மின்கம்பி பார்க்க அவர்களுக்குச் சில மணி நேரம் பாதை முழுசாக வேண்டும். தொலைதூர ரயில்களும் ராத்திரியில்தான் ஓடுகின்றன. சுரங்கமும் துறைமுகமும் இருபத்து நான்கு மணி நேரமும் சரக்கை அனுப்பிக்கொண்டே இருக்கும், பகல் முழுக்க வேகன்களை நிறுத்தி வைக்க எந்த யார்டிலும் இடம் போதாது.

தனிப்பாதை போடுவதுதான் நிஜமான தீர்வு. இந்தியாவில் கிழக்கே லூதியானாவிலிருந்து சோன்நகர் வரை 1,337 கிலோமீட்டர், மேற்கே தாத்ரியிலிருந்து மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர் என்று சரக்குக்கென்றே பாதை திட்டமிட்டது இதற்காகத்தான். இதில் கூடுதல் தண்டவாளம் கிடைத்தது பாதி லாபம். பழைய பாதையில் வேக வித்தியாசம் குறைந்துவிடுகிறது, அது மீதி லாபம். ஆனால் தனிப்பாதையை விட்டு இறங்கி, சரக்கு இறக்கும் இடம் வரை போகும் கடைசிச் சில கிலோமீட்டர் பல இடங்களில் இன்னும் பழைய பொதுப் பாதைதான். அங்கே போனதும் மறுபடி அதே 65 நிமிடக் கணக்குதான்.