போனஸ் பணம் லோனுக்கா, வீட்டுக்கா?

நேயர்களுக்கு வணக்கம்.

வங்கியில் கடன் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு கேள்வி மட்டும் என்னை விட்டபாடில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் மெதுவாக ஆரம்பிப்பார்: "சார், கையில ரெண்டு லட்சம் வந்திருக்கு. ஹவுசிங் லோன்ல போட்டுடட்டுமா?" தீபாவளி போனஸோ, அரியர்ஸோ, ஊரில் விற்ற நிலத்தின் பங்கோ, எந்தப் பணமானாலும் கேள்வி அதுதான். "போட்ட பிறகு வீட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கும்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பெரும்பாலும் பதில் வராது, சாம்பார் வந்துவிடும்.

அந்த மிச்சத்தைப் பற்றித்தான் இன்று முக்கியமாகப் பேச வந்திருக்கிறேன். ஆனால் கடனைச் சீக்கிரம் அடைக்க வேண்டும் என்ற தவிப்பிலும் நியாயம் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

30 லட்சம் ரூபாய் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் மாதம் கட்டும் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது வெறும் 4,785 ரூபாய். ஐந்து வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிவிட்டு, வங்கியில் பாக்கி எவ்வளவு என்று கேட்டால் 26 லட்சத்து 44 ஆயிரம் என்பார்கள். நீங்கள் கட்டியிருப்பது 15 லட்சத்து 62 ஆயிரம், அசலில் குறைந்திருப்பது மூன்றரை லட்சம் சொச்சம். என் மேசைக்கு முன்னால் இந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சார், கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பு இருக்கு" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். கம்ப்யூட்டரில் தப்பில்லை. பாக்கி அசலுக்குத்தான் வட்டி. ஆரம்பத்தில் பாக்கி பெரிது, அதனால் வட்டியும் பெரிது.

அதனால்தான் முன்கூட்டிக் கட்டுவதென்றால் ஆரம்ப வருடங்களிலேயே கட்டு என்கிறார்கள். இதே கடனில் முதல் வருட முடிவில் ஒரு லட்சம் கூடுதலாகப் போட்டால் கடைசியில் 18 தவணை குறையும். வட்டியில் சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம் மிச்சம். அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாவது வருடம் போட்டால் மிச்சமாவது சுமார் 50 ஆயிரம்தான்.

இந்த 3 லட்சத்து 70 ஆயிரத்தைக் கேட்டு மயங்கவும் வேண்டாம். அந்த லாபம் நாளைக்கே கைக்கு வராது. பதினேழு, பதினெட்டு வருடம் கழித்து, கட்ட வேண்டிய தவணையைக் கட்டாமல் விடுவதாக வரும். முதல் வருடம் போட்டாலும் பதினைந்தாவது வருடம் போட்டாலும் உங்கள் பணம் சம்பாதிப்பது அதே 8.5 சதவீதம்தான். முன்னதில் காலம் அதிகம், அவ்வளவே. லட்சக்கணக்கில் மிச்சம் என்று செல்போனில் வரும் வீடியோக்கள் இதைச் சொல்வதில்லை.

வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்ட முடிந்தால்கூட, இந்தக் கடன் பதினாறே முக்கால் வருடத்துக்குள் முடிந்துவிடும். வட்டியில் ஏறக்குறைய 6 லட்சம் குறையும். போனஸில் பாதியை வீட்டுக்கு, பாதியை லோனுக்கு என்று வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு இது கஷ்டமில்லாத வழி.

இன்னும் கஷ்டமில்லாத வழி ஒன்று உண்டு. அதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டிக்கு ரெப்போ விகிதம் என்று பெயர். அது ஏறினால் மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடனுக்கும் வட்டி ஏறும். 2022 மே மாதம் வரை அது 4 சதவீதமாக இருந்தது. 2023 பிப்ரவரிக்குள் அது 6.5 ஆகிவிட்டது. 7 சதவீதத்தில் 30 லட்சம் வாங்கி 23,259 ரூபாய் தவணை கட்டிக்கொண்டிருந்தவருக்கு வட்டி 9.5 சதவீதம் ஆனால், ஒரு மாத வட்டியே 23,750 ரூபாய். தவணை முழுதும் போட்டாலும் வட்டிக்கே போதாது! பலருக்குத் தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தை மட்டும் இழுத்துவிட்டார்கள். அறுபது வயதில் முடிய வேண்டிய கடன் எழுபதைத் தாண்டி நின்றது. பலருக்கு அது தெரியவே தெரியாது, மாதாமாதம் அதே தொகைதானே போகிறது! 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும், தவணை வட்டிக்குக்கூடப் போதாத நிலை வரவிடக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது.

சரி, 2025 பிப்ரவரியிலிருந்து காற்று மாறியது. ஜூனுக்குள் ரெப்போ 5.5க்கு இறங்கியது. இப்படி வட்டி இறங்கும்போது "தவணையைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று வங்கி சொன்னால், வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய தவணையையே கட்டுங்கள். அந்தத் தொகைக்கு உங்கள் குடும்பம் ஏற்கெனவே பழகிவிட்டது. புதிதாக எதையும் குறைக்காமலே ஒவ்வொரு மாதமும் கூடுதல் அசல் கழியும். 2019 அக்டோபருக்கு முன் கடன் வாங்கியவர்கள் கிளைக்குப் போய், தங்கள் கடன் ரெப்போவோடு இணைந்திருக்கிறதா, பழைய முறையிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். சிறு கட்டணம் கட்டி மாற்றிக்கொண்டாலே வட்டி குறைய வாய்ப்பு இருக்கிறது.

இப்போது அந்த மிச்சக் கணக்குக்கு வருகிறேன்.

நான் அறிந்த ஒரு குடும்பம். அவர் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. கடன் என்றாலே ஆகாது இருவருக்கும். போனஸ், அந்த அம்மாவின் சீட்டுப் பணம், பி.எஃப்.பில் எடுத்த முன்பணம் எல்லாவற்றையும் லோனில் போட்டார்கள். பாக்கி 22 லட்சத்திலிருந்து 14 லட்சத்துக்கு இறங்கியது. அந்த வருடமே அவருடைய அப்பாவுக்கு பைபாஸ் செய்ய வேண்டி வந்தது. கம்பெனி இன்ஷூரன்ஸில் பெற்றோர் கிடையாது. மருத்துவமனையில் முன்பணம் கேட்கிறார்கள், சேமிப்புக் கணக்கில் இருப்பது மாதக் கடைசிப் பணம். இருக்கிற வீட்டுக்கடனின் மேலேயே கூடுதலாகக் கொடுக்கும் டாப்-அப் லோன் கேட்டால் சம்பளச் சீட்டு, மதிப்பீடு, கையெழுத்து என்று நாள் ஆகும். ஆபரேஷன் காத்திருக்குமா? நகையை அடகு வைத்து, மீதிக்கு 14 சதவீதத்தில் பர்சனல் லோன் போட்டார்கள். எட்டரை சதவீதக் கடனை அவசரமாக அடைத்தவர்கள், அதைவிட அதிக வட்டிக்குப் போய் நின்றார்கள்.

லோன் கணக்கு ஓர் உண்டியல் மாதிரி. போடுவதற்குத்தான் வாய் இருக்கிறது. அதனால் போடுவதற்கு முன் வீட்டில் சில விஷயங்கள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவணையையும் சேர்த்து ஆறு மாதச் செலவுக்கான பணம், தொட்டால் உடனே வரும் இடத்தில் இருக்கட்டும். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், நெருங்கிய வீட்டுச் சீர்செனத்தி போன்ற தெரிந்த செலவுகளை இதில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனியாக எடுத்து வையுங்கள். தாய்மாமன் சீரை "எதிர்பாராத செலவு" என்று எழுதி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். மருமகளுக்குப் பதிமூன்று வயது ஆகும் என்பது எதிர்பாராததா என்ன?

அப்புறம், வீட்டுக்கடனைவிட வட்டி அதிகமான கடன் எதுவும் நிற்கக் கூடாது. கிரெடிட் கார்டில் பாக்கி நின்றால் மாதம் 3 முதல் 3.75 சதவீதம், அதாவது வருடத்துக்கு 36க்கு மேல். தனியார் நிறுவனத்தில் வைத்த நகைக்கடனும், தெருவில் வாங்கிய கைமாற்றும் அடுத்த வரிசை. இவை இருக்கும்போது எட்டரை சதவீதக் கடனில் கூடுதலாகப் போடுவதில் அர்த்தமே இல்லை. ஏலச்சீட்டை ஆரம்பத்திலேயே தள்ளி எடுத்து லோனில் போடுவதும் அப்படித்தான். தள்ளிய தொகையையும் வட்டியாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள், புரியும்.

பி.எஃப்.பில் கை வைக்கவே வேண்டாம் என்பேன். 2024-25க்கு அதற்குக் கொடுத்த வட்டி 8.25 சதவீதம், பெரும்பாலானவர்களுக்கு வரியும் கிடையாது. பெண் குழந்தைக்கான செல்வமகள் திட்டத்தில் 8.2 சதவீதம், அதற்கும் வரி இல்லை. இவற்றை நிறுத்தி வீட்டுக்கடனைக் கட்டினால் லாபம் ஒன்றுமில்லை, ஓய்வுக்காலமும் பிள்ளையின் படிப்பும்தான் மெலியும். ஃபிக்சட் டெபாசிட் வேறு விஷயம். அதில் வரும் வட்டி குறைவு, அதற்கு வரி வேறு. ஆறு மாதக் கையிருப்புக்கு மேல் டெபாசிட்டில் தூங்கும் பணம் இருந்தால் தாராளமாக லோனுக்குத் திருப்பலாம்.

"லோன் இருந்தால் வரி மிச்சம்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு வருடம் 2 லட்சம் வரை வட்டியைக் கழிக்கலாம். 30 சதவீத வரி கட்டுபவருக்குக்கூட அதில் மிச்சம் அதிகபட்சம் சுமார் 62 ஆயிரம். புதிய முறையில் அதுவும் இல்லை. இதற்காகக் கடனை வைத்திருப்பது வீண்.

பணத்தைப் போட்டுவிட்டால் திரும்ப எடுக்க முடியாதே என்று பயப்படுகிறவர்களுக்கு, ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் போன்ற ஓவர்டிராஃப்ட் வகைக் கடன்கள் இருக்கின்றன. உபரிப் பணத்தைக் கணக்கில் விட்டு வைத்தால் அந்த நாட்களுக்கு வட்டி குறையும், தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கையில் பணம் இருந்தால் செலவழித்துவிடும் சுபாவம் என்றால் இது உங்களுக்கு வேண்டாம்.

ஒரு விஷயம் நான் அடிக்கடி பார்த்தது. முன்கூட்டி அடைக்கும் முடிவைக் கணவன் ஒருவரே எடுப்பார், அதன் சுமை சமையலறையில் தெரியும். சினிமா இல்லை, ஊர்ப் பயணம் இல்லை, பிள்ளைக்கு டியூஷன் அடுத்த வருடம். இப்படி நாலைந்து வருடம் ஓட்ட ஒரு குடும்பத்தால் முடியாது. இரண்டு பேரும் உட்கார்ந்து, மாதம் எவ்வளவு கூடுதலாகக் கட்டினால் வீடு வழக்கம்போல ஓடும் என்று முடிவு செய்யுங்கள். 3,000 ரூபாய் என்றால் 3,000 ரூபாய்தான்.

இனி நடைமுறை. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நிலையான வட்டி என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். பணம் போடும்போது சும்மா கணக்கில் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள், சில இடங்களில் அதை அடுத்த மாதத் தவணைகளுக்கு முன்பணமாக எடுத்துக்கொள்வார்கள். "இந்தத் தொகையை அசலில் கழிக்கவும், தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுத்து, புதிய அட்டவணையை வாங்கிப் பாருங்கள். வீட்டில் ஒருவர் வேலையை விடப்போகிறார், பிரசவ விடுப்பு வருகிறது என்றால் மட்டும் காலத்தை விட்டுவிட்டுத் தவணையைக் குறைக்கச் சொல்லுங்கள். லாபம் குறைவுதான், ஆனால் மூச்சு விட முடியும்.

கடன் முழுதும் முடிந்ததும் நம்மவர்கள் செய்யும் முதல் காரியம் கோயிலுக்குப் போவது. போங்கள். இரண்டாவது காரியத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். 2023 டிசம்பர் முதல் உள்ள விதிப்படி, கடன் முடிந்து 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கி தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு. தாய்ப்பத்திரம் உட்பட எல்லாம் இருக்கிறதா என்று, கடன் வாங்கும்போது கொடுத்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கு எம்.ஓ.டி. என்ற ஆவணத்தைப் பதிவு செய்திருந்தால், அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, மகள் கல்யாணத்துக்கு வீட்டை விற்கும் நேரத்தில் வில்லங்கச் சான்றில் பழைய கடன் தலைகாட்ட, வங்கிக் கிளை எங்கே மாறிப்போனது என்று தேடி அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரசீது பதிவான பிறகு புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டு, அந்தப் பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்தது. வணக்கம்.