பல் உடைந்ததற்குத் தட்டுவடையைக் குறை சொல்லாதீர்கள்: கேப் எப்போது தேவை?

வணக்கம் நண்பர்களே. என் கடைவாய்ப்பல் உடைந்த செய்தி தெருவில் பரவியதிலிருந்து, "இத்தனை தட்டுவடை செட் சாப்பிட்டால் பல் உடையாமல் என்ன செய்யும்?" என்று பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். சேலம் அம்மாப்பேட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தப் பேச்சு உண்மையாகவே கோபத்தை வரவழைக்கிறது. பல்லில் பட்டதும் நொறுங்குகிற தட்டுவடையைத்தான் நான் பாராட்டுவேன் என்பதும், பீட்ரூட், கேரட் துருவலோடு சட்னி சரியாக இருந்தாலும் தட்டுவடை கல்லாக இருந்தால் அந்தத் தட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்பதும் இந்தச் சேனலைப் பார்த்துவரும் உங்களுக்குத் தெரியும். அப்படியிருக்க, பல் உடைந்ததற்கான உண்மையான காரணத்தை விட்டுவிட்டுத் தின்பண்டத்தின் மீது பழி போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உடைந்தது கீழ்வரிசையில் வலப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல். ஏறக்குறைய 6 வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலேயே பல்வரிசையின் பின்கோடியில் முளைத்துவிடுவதால், அதையும் பால்பல் என்று எண்ணி வீட்டில் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். அதனாலேயே பலருக்கு முதலில் சொத்தையாகும் நிரந்தரப் பல்லும் அதுவாகவே இருக்கிறது. எனக்குப் பள்ளிக்காலத்திலேயே அதில் வெள்ளி நிறக் கலவையால் பெரிதாக அடைத்திருந்தார்கள். நடுவில் அடைப்பும் சுற்றிலும் மெல்லிய சுவருமாக நின்ற அந்தப் பல்லில், நாக்கை ஒட்டிய பக்கத்து மேடு ஒன்று இப்போது பெயர்ந்துவிட்டது. அன்று நான் தயிர்சாதம் சாப்பிட்டிருந்தாலும் அந்தச் சுவர் என்றாவது ஒருநாள் விழுந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் கேப் என்ற பேச்சு வருகிறது. பல்லைச் சுற்றிலும் சீவி, அதன் மேல் தொப்பி போல மாட்டி ஒட்டும் உறைதான் கேப். வலி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பார்த்து கேப் போடுவதில்லை. பல்லில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அந்தப் பல் வாயில் எந்த இடத்தில் நின்று எவ்வளவு பாரம் தாங்குகிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். சிறிய சொத்தையைச் சுத்தம் செய்து அடைத்தாலே போதும், அதற்குக் கேப் வேண்டியதில்லை. அடைப்பின் அகலம் பல்லின் அகலத்தில் பாதியைத் தாண்டும்போதும், மென்று அரைக்கும் மேடுகளில் ஒன்றிரண்டு உடைந்துபோகும்போதும், விரிசல் விழுந்திருக்கும்போதும் கேப் பற்றிப் பேச வேண்டியதாகிறது. பிளந்துபோகாமல் இருப்பதற்காக உலக்கையின் நுனியில் பூண் மாட்டுவார்களே, கேப் செய்யும் வேலையும் அதுதான். அடைப்பு குழியை நிரப்புகிறது, ஆனால் சுவர்கள் வெளிப்பக்கமாக விரிவதைத் தடுக்க வெளியிலிருந்து ஒரு பிடி வேண்டும்.

என் மருத்துவர் இதைச் சொன்னதோடு நிற்காமல் கண்ணாலேயே பார்க்கச் செய்தார். அறை விளக்கை அணைத்துவிட்டு, பென்சில் நுனி அளவுள்ள ஒரு விளக்கைப் பல்லின் கன்னப் பக்கத்தில் ஒட்டிப் பிடித்து, என் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். பக்கத்துப் பல்லில் வைத்தபோது அந்தப் பல் முழுவதும் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. உடைந்த பல்லில் வைத்தபோதோ ஒளி ஒரு கோடு வரை வந்து நின்றுவிட்டது, கோட்டுக்கு அப்பால் பல் இருட்டாக இருந்தது. எனாமலில் மட்டும் இருக்கும் மேலோட்டமான கீறலாக இருந்தால் ஒளி தாண்டிச் சென்றுவிடும், ஆழமான விரிசலில்தான் நின்றுபோகும் என்று விளக்கினார். எக்ஸ்ரேயில் அந்த விரிசல் தெரியவே இல்லை. பெரும்பாலான விரிசல்கள் முன்பின்னாக ஓடுவதால், பக்கவாட்டிலிருந்து எடுக்கும் படத்தில் அவை சிக்குவது அரிது. கடிக்கும்போது இல்லாமல், கடித்ததை விடும்போது சுரீர் என்று ஒரு வலி வந்து போனால் அது விரிசலின் அடையாளமாக இருக்கலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். எனக்கு அந்த வலி இருந்தது.

கேப் என்றால் கட்டாயம் ரூட் கெனால், அதாவது பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைக்கும் சிகிச்சை, செய்தாக வேண்டும் என்று நம் ஊரில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியல்ல. என் பல்லின் நரம்பு உயிரோடு நன்றாக இருந்தது, குளிர்ச்சி வைத்துப் பார்த்தபோது கூச்சம் வந்து உடனே அடங்கியது. ஆகவே ரூட் கெனால் இல்லாமலேயே கேப் போட்டார்கள். அதேபோல, ரூட் கெனால் செய்த ஒவ்வொரு பல்லுக்கும் கேப் தேவை என்பதும் இல்லை. பெரிதாகச் சேதமடையாத முன்பல்லில், உள்ளே செல்லப் போட்ட சிறு துளையை அடைத்துவிட்டாலே போதும் என்று விட்டுவிடுவது உண்டு. ஆனால் கடைவாய்ப்பல்லின் கதை வேறு. நரம்பை எடுத்த பல் காய்ந்து சுள்ளியாகிவிடும் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பல் பலவீனமாவதற்கு முக்கியக் காரணம் காய்வது அல்ல, சொத்தையிலும் சிகிச்சையிலும் பல்லின் பகுதிகள் போய்விடுவதுதான். 1989 இல் வெளியான ஓர் ஆய்வில், ரூட் கெனால் வேலை மட்டும் பல்லின் விறைப்பை 5 சதவீதம் அளவுக்குத்தான் குறைத்தது என்றும், முன்விளிம்பும் பின்விளிம்பும் சேர்ந்து போன பெரிய குழி 63 சதவீதம் குறைத்தது என்றும் கண்டார்கள். அந்த விளிம்புகள் எவ்வளவு பெரிய தூண்கள் என்பது இதைப் படித்த பிறகுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

ஏற்காட்டில் இருக்கும் என் மாமாவை மிளகு அறுவடை வீடியோவில் பார்த்திருப்பீர்கள். அவர் சேலத்துக்கு இறங்கி வந்து கடைவாய்ப்பல்லில் ரூட் கெனால் செய்துகொண்டார். வலி நின்றுவிட்டதால், கேப்புக்காக மறுபடியும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி ஏற வேண்டுமா என்று தள்ளிப்போட்டுவிட்டார். நரம்பில்லாத பல்லில் விரிசல் விழுந்தாலும் ஆரம்பத்தில் அது உணர்த்தாது என்பதை அவருக்கு யாரும் அழுத்திச் சொல்லவில்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். பல் வேர் வரை இரண்டாகப் பிளந்த பிறகு பிடுங்குவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. விரிசல் ஈறுக்குக் கீழே வேருக்குள் இறங்கிவிட்டால் எந்தக் கேப்பும் அந்தப் பல்லைக் காப்பாற்றாது. ஈறுக்கு வெளியே சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நல்ல பல்லாவது இருந்தால்தான் கேப் உறுதியாகப் பிடித்து நிற்கும்.

இப்போது விலைக்கு வருகிறேன், இதைப் பற்றிச் சற்று நீளமாகவே பேசப் போகிறேன். முதலில் நான் போன ஓர் இடத்தில், வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே ஒரு வண்ண அட்டையை நீட்டி, 15 ஆண்டு வாரண்டி உள்ள ஜிர்கோனியா (பல் நிறத்தில் இருக்கும் உறுதியான செராமிக் வகை) கேப் 14,000 ரூபாய் என்றார்கள். பல்லில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்காமல் எந்தக் கேப் என்று எப்படிச் சொல்ல முடியும்? வாரண்டி என்பதை எதற்குத் தருகிறார்கள் என்று கேட்டேன். கேப் உடைந்தால் வேறு கேப் செய்து தருவார்கள், உள்ளே இருக்கும் பல் சொத்தையானால் அதற்கு வாரண்டி இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அட்டையில் பெரிய எழுத்தில் போட வேண்டியது அதுதான். எழுந்து வந்துவிட்டேன். அடுத்து நான் போன மருத்துவர் எல்லாச் சோதனைகளையும் முடித்துவிட்டு, உலோகத்தின் மேல் செராமிக் பூசியது 4,500, ஜிர்கோனியா 9,000, முழு உலோகக் கேப் 2,500 என்று தாளில் எழுதிக் கொடுத்தார். பல்லை மிகக் குறைவாகச் சீவினால் போதும் என்பது முழு உலோகத்தின் நன்மை. பார்வைக்குத் தெரியாத கடைசிப் பல்லுக்கு அது அருமையான தேர்வு. செராமிக் பூசியதில் மேல்பூச்சு பெயரும் வாய்ப்பு உண்டு. சிரித்தால் தெரியும் பல் என்பதாலும், கேமராவுக்கு முன்னால் சிரித்துக்கொண்டே இருப்பதாலும் நான் ஜிர்கோனியாவைத் தேர்ந்தெடுத்தேன், அந்த 9,000 ரூபாய் எனக்கு உறுத்தவே இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். பல்லைச் சீவி அளவெடுத்த பிறகு, லேபிலிருந்து கேப் வரும்வரை அக்ரிலிக்கில் ஒரு தற்காலிகக் கேப் போடுவார்கள். அதை மெல்லிய சிமெண்டால் வேண்டுமென்றே லேசாக ஒட்டியிருப்பார்கள் என்பதால், கடலை மிட்டாயும் அல்வாவும் அந்தப் பக்கத்தில் கூடாது. பல்லிடுக்கில் சுத்தம் செய்யும் நூல் (ஃப்ளாஸ்) விட்டால் மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுக்க வேண்டும். கழன்று விழுந்தால் உடனே போய் ஒட்டிக்கொள்ளுங்கள்; அப்படியே விட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து, வந்த கேப் உட்காராமல் போகும்.

நிரந்தரக் கேப்பை உட்காரவைத்த அன்று மருத்துவர் நீலத்தாளைக் கடிக்கச் சொன்னார். கேப்பின் மேல் அடர்த்தியாக ஒரு நீலப் புள்ளி விழுந்தது, மற்ற பற்களில் ஒன்றுமே விழவில்லை. அந்தப் புள்ளியை மட்டும் தேய்த்துவிட்டு மறுபடியும் கடிக்கச் சொன்னார், தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தச் சொன்னார், இரண்டு பக்கத்துப் பற்களிலும் ஒரே மாதிரி மெல்லிய நீலம் விழும்வரை விடவில்லை. நானும் விடவில்லை, கொஞ்சம் உயரமாக இருப்பதாகத் தோன்றிய ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஊசி போட்டு மரத்திருக்கும் வாய்க்கு உயரம் சரியாகத் தெரியாது என்பதால், வீட்டுக்கு வந்து மரப்பு தெளிந்த பிறகு அந்தப் பல் மட்டும் முதலில் மோதுவதாகத் தெரிந்தால் பழகிவிடும் என்று இருந்துவிடாமல் திரும்பப் போய்த் தேய்த்துக்கொள்ளுங்கள். உயரமான கேப் பல்லின் வேரைச் சுற்றி வலியை உண்டாக்கும்.

குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய சொத்தையான பின்பக்கப் பால்பல்லுக்கு ஆயத்தமாக வரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேப்பைப் போடுவார்கள். உருக்காலை இருக்கும் ஊரிலேயே, "குழந்தை வாயில் இரும்பா?" என்று தாய்மார்கள் மறுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பால்பல் 10, 12 வயது வரை இடத்தைக் காத்து நிற்க வேண்டும், விழும்போது கேப்போடு சேர்ந்தே விழுந்துவிடும், ஆகவே தயங்காமல் போடுங்கள்.

கேப்பும் பல்லும் சேரும் விளிம்பு ஈறை ஒட்டி இருக்கிறது, சொத்தை மீண்டும் நுழைவது அங்கேதான். இரவில் பல் துலக்கும்போது அந்த விளிம்பில் பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்து, இடுக்கில் நூலும் விடுகிறேன். இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் அதைக் கேப் போடும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், உறங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு கவசம் செய்து தருவார்.